புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்காத வண்டி

அன்று காலை அம்மாவுக்குக் கண் பரிசோதனை. ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா முன் சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுக்கொண்டார். சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் லேசாக மங்கி, பழையபடி பளிச்சென்று எரிந்தன. மறுபடி திருப்பினேன். மறுபடி ஒரு ‘டக்’.

“என்னப்பா, பேட்டரி போயிடுச்சா?” என்றார் அம்மா.

பேட்டரி மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அப்பா வாங்கிய வண்டி அது. பதினாறு வருடம் ஆகிறது, 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பெட்ரோல் இன்ஜின், சாதாரண கியர். வீட்டில் எல்லோருக்கும் அதில்தான் பழக்கம், அதை விற்க யாருக்கும் மனம் வரவில்லை. இந்த ‘டக்’ சத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்திருந்தது. எப்போதாவது ஒருமுறை வரும், மூன்றாவது முறை சாவி திருப்பினால் எடுத்துவிடும். பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்ததால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடி, மறுபடி வந்தது. அப்புறம் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றச் சொன்னேன். பத்து நாள் பிரச்சினை இல்லை. பதினோராவது நாள்தான் அம்மாவின் கண் பரிசோதனை.

வேறு வண்டி பிடித்து அம்மாவை அழைத்துப் போய் வந்த பிறகு, முப்பது வருடம் வண்டி வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எதையும் தொடும் முன் அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, டக்குனு ஒரு தடவை அடிக்குதா, இல்ல டக்டக்டக்னு விடாம அடிக்குதா?”

“ஒரே தடவைதாண்ணே.”

“விளக்கு அணையுற மாதிரி மங்குதா?”

“இல்லண்ணே, லேசாத்தான்.”

“அப்ப பேட்டரியில தெம்பு இருக்கு. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகல.”

அந்த இரண்டு கேள்விகளை நான் இரண்டு மாதம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரியும் மாற்றியிருக்க மாட்டேன், செல்ஃபையும் கழற்றியிருக்க மாட்டேன். விடாமல் டக்டக்டக் என்று அடித்து விளக்குகளும் செத்துப்போனால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரி டெர்மினல் பிடிக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஒரே ஒரு கனமான ‘டக்’, விளக்கும் பெரிதாகக் குறையவில்லை என்றால் செல்ஃப் மோட்டார், சாவி திருப்பியதும் அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சாலினாய்டு, அல்லது அதற்குப் போகும் வயரும், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் எர்த் வழியும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரை அவர் எடுத்தார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார்: 12.6 வோல்ட். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு காட்ட வேண்டிய அளவு அது. என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். 11.9. இதுதான் முதல் துப்பு. செல்ஃப் உண்மையில் இன்ஜினைச் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேட்டரி வோல்ட் 10, 11 என்று இறங்கும். இங்கே அவ்வளவு இறங்கவே இல்லை. அதாவது மின்சாரம் எங்கோ தடைபடுகிறது.

பிறகு அவர் செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணில் வைத்தார். டெர்மினல் கிளாம்பில் இல்லை, நடுவில் இருக்கும் ஈயத் தூணில். மறு முனையை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். நடுவில் வழியிலேயே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று மீட்டர் காட்டும். 0.2 வோல்ட். “இந்தப் பக்கம் சரி” என்றார். அடுத்து நெகட்டிவ் தூணில் ஒரு முனை, இன்ஜினின் வெறும் உலோகத்தில் மறு முனை. சாவி திருப்பினேன்.

5.8 வோல்ட்.

நல்ல நிலையில் இந்த இடத்தில் 0.2, அதிகம் போனால் 0.3 வோல்ட்தான் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட பாதி பேட்டரி எர்த் வழியிலேயே வீணாகிறது, மீதியை வைத்துக்கொண்டு செல்ஃப் எப்படிச் சுற்றும்? அவர் ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து நெகட்டிவ் தூணிலிருந்து இன்ஜினைத் தூக்கும் கொக்கிக்கு நேராக மாட்டினார். சாவியைத் தொட்டதும் வண்டி எடுத்தது. ஒரு பார்ட்டும் மாற்றவில்லை.

பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் நன்றாக இருந்தது. பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் வயர்தான் குற்றவாளி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. போல்ட்டைக் கழற்றியதும், வயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கின் அடியில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு. ரப்பர் உறையைக் கொஞ்சம் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்துப் போய், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தன. செல்ஃபைக் கழற்றி மாட்டிய பிறகு பத்து நாள் நன்றாக ஓடியதே, அது இந்த லக் கொஞ்சம் அசைந்து கொடுத்ததால் கிடைத்த பத்து நாள்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. ஆறு மாதமாக ஆக்ஸிலரேட்டர் இறுக்கமாக இருந்தது. கேபிளுக்கு இரண்டு முறை எண்ணெய் விட்டிருந்தேன், அதைத் தனிப் பிரச்சினை என்றே நினைத்திருந்தேன். அவர் என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. இன்ஜினுக்கு எர்த் சரியாகக் கிடைக்காதபோது மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எந்த உலோகத்தின் வழியாகவும் ஓடும். மெல்லிய கேபிள் சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பழுது என்று நான் நினைத்தது ஒரே பழுது. ஆக்ஸிலரேட்டர் கேபிளை மாற்றத்தான் வேண்டியிருந்தது. அது மட்டும் உண்மையான செலவு.

எர்த் வயரைக் கனமானதாக மாற்றி, இரண்டு முனையிலும் உலோகம் மின்னும் வரை உப்புத்தாள் போட்டு, முடுக்கிய பின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினோம். மறுபடி அளந்தபோது 0.12. அன்றிரவே எனக்கென்று ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். பழைய வண்டி வைத்திருப்பவர் ஸ்பானர் செட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பேட்டரி பற்றி நினைவில் வைத்திருக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். ஓய்வில் 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் சுமார் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால், இன்ஜினால் சுற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. ஓடும்போதும் 12 சொச்சமே காட்டினால் கொடுக்கவில்லை, புது பேட்டரி போட்டாலும் அதுவும் காலியாகும். 15-ஐத் தாண்டினால் அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியை வேகவைக்கிறது. டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காமல் இருக்க இதுதான் வழி.

இந்த மீட்டர் இன்னொரு முறையும் காப்பாற்றியது. தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை, ஐந்து நாள் நிறுத்தினால் பேட்டரி காலி. எல்லாவற்றையும் அணைத்து, கதவு லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, நெகட்டிவ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து அரைமணி நேரம் காத்திருந்தேன். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் வர வேண்டியது 430-லேயே நின்றது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தபோது உள்விளக்கு ஃபியூஸில் எண் சட்டென்று விழுந்தது. ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. மொபைலில் வீடியோவை ஓடவிட்டு டிக்கியில் வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தால் டிக்கி விளக்கு மூடிய பிறகும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. 5 வாட் பல்பு, கணக்குப் போட்டால் சரியாக அதே 0.4 ஆம்பியர். சின்ன பேட்டரியை நாலைந்து நாளில் தீர்த்துவிடும். ஒரு எச்சரிக்கை: மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போகும்.

அடுத்தது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாவது. பழைய வண்டியில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். மற்ற பழுதுகள் வண்டியை நிறுத்தும், இது இன்ஜினையே தின்றுவிடும். சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினியம் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும் வரை ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு ஃபேனில் வையுங்கள். உள்ளே வெந்து போவோம், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால்தான், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 120 டிகிரியில்கூடக் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் தளர்த்தியதும் அழுத்தம் போய் எல்லாம் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும் வரை காத்திருங்கள். அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்போதும் கொடுக்கிறேன்.

எங்கள் வண்டியில் சிக்னலில் நிற்கும்போது முள் ஏறும், ஓட ஆரம்பித்ததும் இறங்கும். இதைக் கேட்டதும் ஒருவர் சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் என்றார், இன்னொருவர் வாட்டர் பம்ப் என்றார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரில் அடிக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் காற்றுக் கொடுக்க வேண்டும். நிற்கும்போது மட்டும் சூடானால் முதல் சந்தேகம் ஃபேன். வேகமாக ஓடும்போது, மேட்டில் ஏறும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் ஓட்டம் குறைவு, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காதது என்று அந்தப் பக்கம் போக வேண்டும். முள் மேலும் கீழும் ஆடினால், அல்லது இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் குறைந்து உள்ளே காற்று புகுந்திருக்கலாம்.

பானெட்டைத் திறந்து ஏசியைப் போட்டேன். அநேக வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலே? ஹாரனுக்கும் அதே எண் போட்ட ரிலேதான். இரண்டையும் இடம் மாற்றினேன். ஹாரன் அடித்தது, ஃபேன் சுற்றவில்லை. அப்படியானால் ரிலே நல்லது. ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தேன். கைகளைத் தூரமாக வைத்துக்கொண்டுதான். ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. மோட்டாரும் நல்லது. மிச்சம் இருந்தது கனெக்டர் மட்டும். திருப்பிப் பார்த்தால் எர்த் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. பின் தளர்ந்து, பொறி பறந்து, கருகிப்போயிருந்தது. கனெக்டரை மாற்றினேன், வேலை முடிந்தது. தெர்மோஸ்டாட்டும் பம்ப்பும் இன்றுவரை அதே பழையவைதான்.

இதே காலத்தில் ஒருநாள் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல வெளிறிய பிசின் இருப்பதைப் பார்த்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டது, கேஸ்கெட் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, கூலன்ட் அளவும் குறையவில்லை, கூலன்ட் தொட்டியில் குமிழியும் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல் குட்டிக் குட்டிப் பயணமாகவே போனால் இன்ஜினுக்குள் ஈரம் ஆவியாகாமல் மூடியில் இப்படிப் படியும். ஒரு நீண்ட பயணம் போய் வந்ததும் மறைந்துவிட்டது. ஒரு அறிகுறியை வைத்து முடிவு செய்யக் கூடாது, கூட இருக்க வேண்டிய மற்ற அறிகுறிகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இன்ஜின் மிஸ் அடித்தபோது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் பி0302 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டியது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதுதான் அதன் பொருள். எதனால் என்று அது சொல்வதில்லை. தீப்பொறி தரும் பிளக், அந்தப் பொறிக்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தமான கம்ப்ரஷன் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள இன்ஜின் என்பதால் இரண்டாவது காயிலை மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டில் போட்டு, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். பி0303 வந்தது. பழுது காயிலோடு இடம் மாறிவிட்டது, அதனால் காயில்தான். மாறாமல் பி0302-லேயே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை இடம் மாற்றியிருப்பேன். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் வண்டி சரியாகலாம், ஆனால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது.

பி0171 வந்தபோதும் இதே கதை. கலவையில் காற்று அதிகம் என்று அர்த்தம். உடனே ஆக்ஸிஜன் சென்ஸரை மாற்றச் சொன்னார்கள். சென்ஸர் பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஐட்லிங்கில் கூர்ந்து கேட்டால் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம். இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு சேர்ந்த வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினேன். ஒன்றை அழுத்தியதும் சத்தம் நின்று ஐட்லிங் சீரானது. மடங்கும் இடத்தில் அடிப்பக்கம் வெடித்திருந்தது. விரல் நீள ரப்பர்க் குழாய், அவ்வளவுதான். பழைய வண்டியில் ரப்பர் முதலில் கிழடாகும், அப்புறம்தான் இரும்பு.

வண்டிக்கு அடியிலிருந்து வரும் சத்தங்களையும் கேள்வியால்தான் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது கடகடவென்றால் ஆக்ஸில் ஜாயின்ட், பெரும்பாலும் அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கும். வேகத்தோடு சேர்ந்து ஏறும் ‘ஊ’ என்ற இரைச்சல் வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கப் பேரிங்கை முதலில் பாருங்கள், பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். சின்ன மேடு பள்ளத்தில் ‘டொக் டொக்’ என்றால் நான் முதலில் பார்ப்பது சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்ட் போட்ட பிறகுதான். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

பிரேக்கைப் பொறுத்தவரை, பேட் தேய்மானத்தையும் ஃப்ளூயிட் அளவையும் நானே பார்ப்பேன். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவேன். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய பிறகு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பேடை அழுத்தும் காலிப்பர் பிடித்துக்கொள்வது, பெடல் மெல்ல இறங்குவது மாதிரியான வேலைகளைத் தெரிந்தவர் கையில்தான் கொடுப்பேன். அவரிடம் போகும்போது “பிரேக் சரியில்லை” என்று சொல்வதில்லை. “நாற்பதில் பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது, ஓட்டி நிறுத்திய பின் இடது முன் சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறது” என்று சொல்வேன். அப்படிச் சொன்ன நாளில் கேட்காத பார்ட் எதுவும் மாறி வந்ததில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். தேதி, கிலோமீட்டர், எப்போது வந்தது, இன்ஜின் சூடா குளிரா, மழையா, எதை அளந்தேன், எவ்வளவு காட்டியது. சரியாக இருக்கும்போதும் அளந்து எழுதி வைத்திருப்பதால்தான் கெட்டுப்போகும்போது வித்தியாசம் தெரிகிறது. எர்த்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். சாவி திருப்ப இன்னொருவர் வேண்டும், அதற்கு அம்மா வந்து உட்காருவார். போன வாரமும் வந்தார். நான் மீட்டரை வைத்துக்கொண்டு தலையசைத்ததும் திருப்பினார், வண்டி முதல் சுற்றிலேயே எடுத்தது.

“எவ்வளவுப்பா?”

“0.14-ம்மா.”

“போன தடவை 0.12 இல்ல?” என்றார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 0.12-தான். லக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்பானரை எடுத்தேன்.